பிளாஸ்டிக் ரைஃபிள் பெரிய தோட்டாவுக்குத் தாங்குமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நான் பிறையில பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரில டெக்னீசியன். எங்க மாமா ஆர்மில ஸ்டெயர் ரைஃபிள் தூக்குனவரு, "பிளாஸ்டிக்கு இரும்பவிட ஸ்ட்ராங்குடா, எந்த கேலிபரும் (தோட்டா அளவும்) தாங்கும்"ங்கறாரு. நைலான் பார்ட்ஸ் கிராக் ஆகுறத தினமும் பாக்குறவன் நான், எப்படி நம்புறது? (பெயர் வேணாம், பிறை)

பதில்: ஸ்டெயர் நல்லா உழைக்கும்ங்கறதுல மாமா கட்சிதான் ஜெயிக்குது தம்பி, ஆனா அவரு சொல்ற காரணம் தப்பு. நம்ம மலேசியாவுலயே எஸ்எம்இ ஆர்டினன்ஸ் கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச அந்த ஸ்டெயர் ஏயூஜி-ல வெளிய தெரியற கூடு பாலிமர், உள்ள அடிக்கிற ஹேமர் கூட பிளாஸ்டிக்தான், ஆனா ரிசீவர் (பேரலையும் போல்ட்டையும் தாங்குற உடம்பு) அலுமினியம், போல்ட்டு (தோட்டாவுக்குப் பின்னாடி அடைக்கிற துண்டு) போய் பூட்டிக்கிற இடம் ஸ்டீலு. தோட்டா வெடிக்கிற அழுத்தத்த மொத்தமா வாங்கிக்கிறது பேரலும் போல்ட்டும்தான், பிளாஸ்டிக்க அது தொடறதே இல்ல.

பிளாஸ்டிக்குக்கு வர்ற தொல்ல, சுடும்போது துப்பாக்கி பின்னாடி தள்ளுற உதைதான். அழுத்தம் வேற, உதை வேற, இத போட்டு நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. சின்ன .223 தோட்டால (அங்குலக் கணக்கு) அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரைக்கும் போகும், .450 புஷ்மாஸ்டர்ல 38,500தான். ஆனா முதல்ல உள்ள குண்டு 55 கிரெய்ன் (சுமார் 3.6 கிராம்), அடுத்ததுல 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்), அவ்ளோ எடைய முன்னாடி தள்ளுனா துப்பாக்கி பின்னாடி எப்படி வரும்னு யோசிச்சுக்குங்க. ஏஆர்-15 மாதிரி ரைஃபிள்ல அந்த உதை பஃபர் டியூப் (பின்கட்டைக்குள்ள போற குழாய்) வழியா தோளுக்குப் போகுது, டியூப் திருகுற வளையம் கீழ் ரிசீவரோட பின்பக்கம் மெல்லிசா நிக்கும். அலுமினியத்துல பிரச்சன இல்ல, அதே அளவுல பிளாஸ்டிக்ல ஊத்துனா மேல் ரிசீவரையும் கீழ் ரிசீவரையும் கோக்குற ஊசிக்குப் பின்னாடி அந்த வளையத்துலதான் முதல்ல கிராக் விடும். அதான் சில கம்பெனிங்க அங்க தடிமன் ஏத்துறாங்க, சிலது உள்ள மெட்டல் இன்சர்ட் வைக்கிறாங்க. நீங்க ஸ்க்ரூ போற இடத்துல பித்தளை இன்சர்ட் வைக்கிற அதே கணக்குதான்.

ரெண்டாவது சூடு. ஜெர்மன்காரன் ஜி36 ரைஃபிள்ல ரிசீவரையே பாலிமர்ல செஞ்சு, பேரல் உக்கார்ற இடத்துல மட்டும் மெட்டல் வச்சான். தொடர்ந்து சுட்டு சூடானா குறி தப்புதுன்னு 2015-ல அவங்க டிஃபென்ஸ் மினிஸ்ட்ரியே சொன்னுச்சு, கம்பெனி ஒத்துக்கல, 2016-ல கோப்ளென்ஸ் கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. இத்தனைக்கும் அது சின்ன 5.56 மில்லிமீட்டர் தோட்டா.

ஈரம்? ஹாப்பர் டிரையர்ல நைலான் பெல்லட்ட காய வைக்காம மோல்டு பண்ணுனா பார்ட்டு நொறுங்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா மோல்டு ஆன பிறகு நம்ம ஊரு காத்துல ஈரம் குடிச்சா நைலான் கொஞ்சம் இளகி இன்னும் நல்லா அடி தாங்கும், விறைப்பு மட்டும் கொறையும்.

ஆகக்கூடி, சின்ன .22 தோட்டாவுக்கு நைலான் ரிசீவரே ஓகே, ரெமிங்டன் நைலான் 66-ன்னு 1959-லயே வித்தாங்க. 7.62 மில்லிமீட்டருக்கு வந்தா ஸ்கார்-எச் ரைஃபிள்ல மேல் ரிசீவர் அலுமினியம், கீழ மட்டும் பாலிமர். அரை அங்குல .50-க்கு பேரட் எம்82 ரைஃபிள்ல மேலயும் கீழயும் ஸ்டீல் தகடுதான். கேலிபர் ஏற ஏற டிசைன் பண்றவனே பிளாஸ்டிக்க ஓரமா தள்ளிடுறான், இத மாமாகிட்ட காட்டுங்க.

அப்புறம், கைல மெஷின் இருக்கேன்னு ஒரு பீஸ் ஊத்திப் பாக்குற ஆசை வந்துடப் போவுது. 1960 ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செய்றது பெரிய கேஸு, வேணாம்.

கேள்வி: டுரியான் தோட்டத்துக்கு லைசென்ஸ் ஷாட்கன் வச்சிருக்கேன், தோள்ல வைக்கிற மரக்கட்டை ஸ்டாக்குல வெடிப்பு. பிளாஸ்டிக்குக்கு மாத்தலாமா? (பாலிக் புலாவ் வாசகர்)

பதில்: தாராளமா மாத்தலாம் ஐயா, ஸ்டாக்க பொறுத்தவர மழைக்கும் ஈரத்துக்கும் பிளாஸ்டிக் மரத்தவிட மேலு, ஊதாது, வளையாது. ஒண்ணு மட்டும், ஸ்டாக்கு உள்ள வெறும் கூடா எடை கொறஞ்சா தோள்ல உதை கூடும், பின்னாடி தடிச்ச ரப்பர் பேடு இருக்கறதா பாத்து வாங்குங்க. வெடிப்பு ரிசீவர் ஓரத்துல ஆரம்பிச்சிருந்தா மாத்துற வரைக்கும் சுடாதீங்க, வேலைய லைசென்ஸ் உள்ள கடையில குடுங்க.