பாட்டிலில் மட்டுமே குடித்துப் பழகிய முயலைக் கிண்ணத்துக்கு மாற்றுவது எப்படி?

பண்ணையிலிருந்து வாங்கிய உங்கள் முயல் கூண்டில் தொங்கும் பாட்டிலைத் தவிர வேறெதிலும் வாய் வைப்பதில்லை என்றும், அடுத்த மாதம் நீங்கள் வெளியூர் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளவிருக்கும் உறவினர் வீட்டில் கிண்ணம்தான் வைக்க முடியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் கையில் இருப்பது நல்லதாயிற்று. கடைசி இரண்டு நாளில் செய்ய முயன்றால்தான் இது ஆபத்தான வேலை.

சென்னையில் எட்டு ஆண்டுகளாக முயல் வளர்க்கிறேன். இப்போது இருப்பவை இரண்டு. வெள்ளையன் உங்கள் முயலைப் போலவே பண்ணையில் பிறந்தது; வரிசையாக அடுக்கிய கூண்டுகளுக்கு நடுவே ஓடும் ஒரே குழாயில் பொருத்திய நிப்பிளைத்தான் தண்ணீர் என்று அறிந்து வளர்ந்தது. கருப்பி ஒரு வீட்டிலிருந்து வந்தது. கிண்ணம்தான் அதற்குத் தெரியும். ஆகவே இரண்டு திசையிலும் பழக்கிப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நம் ஊரில் முயல் வளர்ப்பவர்கள் முதலில் உதற வேண்டியது, முயலுக்குத் தண்ணீரே தேவையில்லை என்ற நம்பிக்கையை. என் முதல் முயலை விற்ற கடைக்காரர், “தண்ணி வெச்சிடாதீங்க சார், கீரையே போதும், தண்ணி குடிச்சா செத்துடும்” என்று சொல்லித்தான் கொடுத்தார். தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டிகள் கழிச்சலில் சாவதைப் பார்த்தவர்கள் பழியைத் தண்ணீர்மேல் போட்டுவிட்டார்கள் என்பது என் ஊகம். உண்மையில், வளர்ந்த முயல் ஒன்று தன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 மில்லி வரை ஒரு நாளில் குடிக்கும்; இலை நிறையத் தின்றால் குறையும், காய்ந்த புல் தின்றால் கூடும். தீனியில் உள்ள சுண்ணாம்புச்சத்தில் மிஞ்சியதை முயலின் உடல் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால், நீர் குறைந்தால் அது மூத்திரப்பையில் சேறுபோலப் படியத் தொடங்கும். நீர் குறையும்போது புல் தின்பதும் குறைந்து, குடலின் ஓட்டம் மந்தமாகிவிடும். இது முயலின் உயிரையே பறித்துவிடக்கூடும்.

கிண்ணமா பாட்டிலா என்று கேட்டால் நான் கிண்ணத்தின் பக்கம். சூரிச் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் முன்னால் வைத்தபோது முயல்கள் திறந்த பாத்திரத்தையே விரும்பின. பாட்டிலின் அமைப்பை நினைத்தால் இதில் வியப்பில்லை. எஃகுக் குழாயின் நுனியில் உள்ள சிறு குண்டை நாக்கால் உள்ளே தள்ளினால்தான் ஒரு சொட்டு வரும். தாகத்தோடு வரும் முயல் அந்தக் குண்டோடு நெடுநேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தவிர, பாட்டில் நம்மையும் ஏமாற்றும். மே மாத மதியத்தில் பாட்டிலின் மேற்பகுதியில் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து நீரைக் கீழே தள்ளுவதால் அது தானாகவே சொட்டும். மாலையில் மட்டம் இறங்கியிருப்பதைப் பார்த்து, முயல் நன்றாகக் குடித்திருக்கிறது என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். கூண்டுக்கடியில் விரித்த செய்தித்தாளில் நனைந்த வட்டத்தைக் கண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

இனி பழக்கும் முறைக்கு வருகிறேன். பாட்டிலை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தால், தாகம் எடுத்துத் தானே குடிக்கும் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். தாகத்தைக் காட்டிப் பணியவைக்க முயல் ஏற்ற பிராணி அல்ல. நீர் போதாமல் போனால் அது தீனியையும் நிறுத்திவிடும். புதிய முறையில் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்கள் அளந்து உறுதிசெய்துகொள்ளும்வரை பழைய முறை கூண்டிலேயே இருக்க வேண்டும்.

கிண்ணம் கனமாக இருக்க வேண்டும். எவர்சில்வர் கிண்ணத்தை முயல் பல்லால் கவ்விக் கவிழ்த்துவிடும். என் அம்மா வற்றல் குழம்பு வைத்துக்கொண்டிருந்த சிறிய கல்சட்டியைக் கேட்டு வாங்கி வைத்தேன். அதற்காக இன்றுவரை பேச்சு வாங்குகிறேன் என்றாலும், அதைவிடப் பொருத்தமான பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. அதைக் காய்ந்த புல் வைக்கும் இடத்துக்கு அருகில், கழிக்கும் மூலைக்கு எதிர்ப்புறத்தில் வையுங்கள். முயல் தின்றுகொண்டே இடையிடையே குடிக்கும். பிறகு பாட்டிலை இடம் மாற்றி, அதன் நுனி கிண்ணத்துக்கு நேர்மேலே வருமாறு கட்டுங்கள். முயலுக்குத் தன் மூக்குக்கு நேர்கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மீசையாலும் உதட்டாலும்தான் அறியும். எனவே கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்பதை அது பார்த்து அல்ல, தொட்டுத்தான் கண்டுகொள்ள வேண்டும். நக்கும்போது சிந்தும் சொட்டுகள் கீழே நீரில் விழும். நாள்தோறும் பாட்டிலை ஒரு விரற்கடை இறக்கிக்கொண்டே வந்தால், நுனியை நக்கக் குனியும் முயலின் தாடை ஒரு நாள் நீரில் படும். வெள்ளையனுக்கு அது நான்காம் நாள் நடந்தது. திடுக்கிட்டுப் பின்வாங்கித் தலையை உதறி, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் யோசித்தபின் மீண்டும் வந்து கிண்ணத்தை முகர்ந்தது. ஏழாம் நாள் விடியற்காலையில்தான் கிண்ணத்திலிருந்து நக்கிக் குடிப்பதைக் கண்டேன்.

அதன் பிறகு, நீங்கள் வீட்டில் இருக்கும் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் பாட்டிலை எடுத்துவிட்டு இரவில் திரும்ப மாட்டுங்கள்; முயல் அதிகம் தின்பதும் குடிப்பதும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும்தான். அளக்கும்போது ஒரு சிறு தந்திரம் உதவும். அதே அளவுள்ள இன்னொரு பாத்திரத்தில் அதே அளவு நீரைக் கூண்டுக்கு வெளியே வைத்து, அதில் ஆவியாகிக் குறைந்ததைக் கழித்தால் முயல் குடித்த அளவு தெரியும். பாட்டிலோடு சேர்த்துக் குடித்த அளவை மூன்று நாள் தொடர்ந்து கிண்ணத்திலேயே குடித்தால் பாட்டிலை எடுத்துவிடலாம்.

தண்ணீரின் சுவையும் முக்கியம். உங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரும் உறவினர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும் என்றால், முயல் மறுப்பது கிண்ணத்தை அல்ல, தண்ணீரையாக இருக்கலாம். அங்குள்ள தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து, உங்கள் தண்ணீரோடு கலந்து, விகிதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள். கொத்தமல்லி, அருகம்புல் போன்றவற்றைக் கழுவியபின் உதறாமல் ஈரத்தோடு கொடுத்தால் இந்த நாட்களில் கொஞ்சம் நீர் கூடுதலாக உள்ளே போகும்.

கிண்ணத்துக்கும் குறை உண்டு. புல்லும் புழுக்கையும் விழும். காலையிலும் மாலையிலும் கழுவ வேண்டும். பெண் முயலுக்கு அலைதாடி (தாடைக்குக் கீழே தொங்கும் தோல்மடிப்பு) பெரிதாக இருந்தால் அது நனைந்தே கிடந்து தோல் புண்ணாகலாம். கருப்பிக்கு அப்படி ஆகத் தொடங்கியதால்தான் அதைப் பாட்டிலுக்கும் பழக்கினேன். நுனியை அதன் மூக்கு உயரத்துக்குச் சற்று மேலே வைத்து, துளி வாழைப்பழத்தைத் தடவினேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. எறும்புகளும் அதே இரண்டு நாளில் கற்றுக்கொண்டன. அதன்பின் ஆப்பிள் துண்டை நுனியில் தேய்த்து, முயல் நக்கியவுடன் துடைத்துவிடுவது என்று மாற்றிக்கொண்டேன்.

முயல் நலமாக இருக்கும்போதே மூன்றாவதாக ஒன்றையும் பழக்கிவிடுங்கள்: ஊசி இல்லாத சிரிஞ்ச். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி கொடுத்து, விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நீர் மூச்சுக்குழாயில் போய்விடும். நோய் வந்த நாளில் முதன்முறையாக இதைச் செய்யப் போனால் உங்கள் கையும் நடுங்கும், முயலும் துள்ளும்.

பழக்கும் நாட்களில் தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். உருண்டைகள் சிறுத்துக் காய்ந்து எண்ணிக்கையிலும் குறைந்தாலோ, சிறுநீர் சுண்ணாம்புக் கரைசல்போலக் கெட்டியாக வந்தாலோ, உடனே பழைய முறைக்குத் திரும்பி மருத்துவரிடம் காட்டுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் கழிக்காமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உறவினரிடம் முயலை ஒப்படைக்கும்போது அது பழகிய கிண்ணத்தையே கொடுத்தனுப்புங்கள். கிண்ணத்தின் உட்புறம் எந்த மட்டம்வரை ஊற்ற வேண்டும், மறுநாள் காலையில் எந்த அளவாவது குறைந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கூண்டில் ஒட்டிவிடுங்கள். பாட்டிலையும் கழுவிப் பையில் போட்டு வையுங்கள். கிண்ணத்தில் குடிக்கவில்லை என்று அவர் தொலைபேசியில் சொன்னால், அதை அங்கே எப்படியாவது கட்டிவிடலாம்.