பிள்ளைக்கு வரவேண்டிய ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: கணவரைப் பிரிந்து ஒரு வருடம் ஆகிறது. ஆறு வயது மகன் என்னிடம் இருக்கிறான். சுமாராகச் சம்பாதிக்கிறேன். அவரிடம் போய்க் கையேந்த மனசில்லை. பிள்ளைக்காகவாவது ஜீவனாம்சம் கேட்கத்தான் வேண்டுமா? கோர்ட், கேஸ் என்று போனால் பிள்ளை மனசு கெட்டுப்போகாதா?

பதில்:

கேளுங்கள். நான் வக்கீல் இல்லை. அந்தப் பணத்தில் வளர்ந்த பிள்ளை.

1996இல் அப்பா வீட்டை விட்டுப் போனபோது எனக்கும் ஆறு வயதுதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அம்மாவுக்கு பைண்டிங் வேலை. அப்பா லாரி ஓட்டினார். அம்மாவும் முதலில் உங்களை மாதிரிதான், "அந்தக் காசைத் தொடமாட்டேன்" என்று வைராக்கியமாக இருந்தாள். அம்மாச்சிதான் ஒருநாள் சோற்றுத்தட்டை வைத்துக்கொண்டு கேட்டாள்: "வேணாம்னு சொல்ல நீ யாருடி? ஒனக்கா கொடுக்கான்? புள்ளைக்குல்ல கொடுக்கான்."

பள்ளிக்கூடமே போகாதவள். ஆனால் சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கானது வேறு. பரஸ்பர சம்மத விவாகரத்தில் "எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்" என்று தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை அதோடு போய்விடாது என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்பதாலும் அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது.

1997இல் கேஸ் போட்டோம். வாய்தா வாய்தாவாக ஓடி அடுத்த வருடம் உத்தரவு வந்தது. அம்மாவுக்கு 300, எனக்கு 300. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் ஒருவருக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் போடவே முடியாது. அப்படி ஓர் உச்சவரம்பு 2001 வரைக்கும் இருந்தது.

பணம் மணியார்டரில் வந்தது. 600 இல்லை, 570. எம்.ஓ. கமிஷன் நூற்றுக்கு ஐந்து ரூபாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார். அதில் போஸ்ட்மேன் அண்ணாச்சிக்கு ஐந்து ரூபாய். சோதனையாக, அண்ணாச்சி வரும் நேரம் அம்மா பைண்டிங்கில் இருப்பாள். நான்தான் ஓடிப்போய்க் கூட்டிவருவேன். பத்தாம் தேதி தாண்டியும் வரவில்லை என்றால் அம்மா பேசமாட்டாள். எனக்கு வயிற்றைப் பிசையும். நான் என்னவோ தப்பு செய்துதான் பணம் வரவில்லை என்று தோன்றும். பிள்ளை மனசு கெடாதா என்று கேட்டீர்களே, எனக்குக் கெட்டது இங்கேதான், வாசல்படியில். கோர்ட்டுக்கு நான் போனதே ஒருமுறைதான்.

எம்.ஓ. ஃபாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும், அனுப்புகிறவர் செய்தி எழுத. அதைக் கிழித்து நம்மிடம் தந்துவிடுவார்கள். எந்த மாதம் பணம் வந்தது என்பதற்குச் சாட்சி என்று வக்கீல் சொன்னதால், அம்மா எல்லாத் துண்டுகளையும் பைண்டிங் நூலால் தைத்து வைத்தாள். நான் அவற்றை வேறு காரணத்துக்காகப் புரட்டுவேன். எல்லாம் வெற்றுத் துண்டுகள். ஒரே ஒன்றில் மட்டும் "பாப்பா ஏழாவதா?" என்று எழுதியிருந்தார். நான் அப்போது நாலாவது.

நடுவில் 14 மாதம் பணம் வரவில்லை. "பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டாளாம், காசு மட்டும் வேணுமாம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டமாட்டேன் என்று அம்மா சொன்னதும் உண்மைதான், மறைப்பானேன். இரண்டு பேரும் செய்தது தப்பு. பணம் தராவிட்டாலும் பார்க்க அனுமதி கேட்கலாம், பார்க்க விடாவிட்டாலும் பணம் தந்தாக வேண்டும்; ஒன்றை மற்றதோடு முடிச்சுப் போட முடியாது. இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

'இந்த மாசம் அனுப்பிருவார்' என்று பார்த்துப் பார்த்து, பாக்கிக்கு மனுப் போடப் போனபோது வக்கீல் குமாஸ்தா விரலை மடக்கி எண்ணிவிட்டு, 12 மாதத்துக்குத்தான் வாரண்ட் கேட்கமுடியும் என்றார். பணம் விழவேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும் என்பது விதி. இரண்டு மாதப் பணம் அப்படியே போயிற்று. அன்றைக்கு 1,200 ரூபாய் எங்களுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கி விழுந்தால் நாள் பார்க்காதீர்கள்.

அப்பாவை வாரண்டில் பிடித்துப்போய் சப்-ஜெயிலில் வைத்தார்கள். நாலு நாள் பேசாமல் உள்ளே இருந்தார். உள்ளே இருந்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும் என்று லாரி ஷெட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தீராது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழிதானே தவிர, கடனைக் கழிப்பதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது தெரிந்த பிறகு அப்பத்தா தன் காதுத்தோட்டை அடகு வைத்துப் பணத்தோடு வந்தாள். நான் கோர்ட்டுக்குப் போன ஒரே நாள் அதுதான். வராந்தாவில் வெறுங்காதோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் ஒருத்தி, "ஒங்கப்பாவ உள்ள வச்சாங்களாமே, ஒங்கம்மாவா புடிச்சுக் கொடுத்துச்சு?" என்றாள்.

இதைச் சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனாலும் அம்மா அந்த மனுவைப் போட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பாக்கியில்தான் ஐந்தாவது முடித்து பெரிய பள்ளிக்கூடம் போனேன். அப்பத்தாவின் காது மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பாவுக்கு வேறு குடும்பம் ஆகியிருந்தது, அங்கே இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு வந்த 570 அவர்கள் சோற்றிலிருந்தும் கொஞ்சம் வந்ததுதான். வளர்ந்த பிறகுதான் அதெல்லாம் உறைக்கிறது.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. 2024 ஜூலையிலிருந்து 125 போய், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு வந்திருக்கிறது, சாரம் அதேதான். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். இடைக்காலத் தொகை கேட்டால், நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்கச் சொல்கிறது சட்டம் (நடப்பது வேறு, வாய்தா எங்கேயும் வாய்தாதான்). 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றது. தொகையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்றது. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் மகன் கணக்கில் குறைகிற மாதம். வக்கீல் செலவுக்கு யோசித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. முதல் இரண்டரை மாத ஜீவனாம்சம் முழுக்க வக்கீல் ஃபீசுக்கே போனது.

பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் விழும்படி உத்தரவிலேயே கேட்டு வாங்குங்கள். வந்ததா இல்லையா என்பது உங்களுக்கும் உங்கள் போனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். "அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு" என்று பையனைத் தூது விடாதீர்கள்.

18 வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2008 ஜூனில் எனக்கு 18 முடிந்தது. ஜூலை எம்.ஓ.வில் என் பங்கு வரவில்லை. கல்லூரியில் சேரவேண்டிய மாதம். சட்டப்படி அவர் சரியாகத்தான் நிறுத்தினார், நாங்களும் விட்டுவிட்டோம். தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத, திருமணமாகாத மகளுக்கு 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் தனியாக வழி இருந்தது என்பது எனக்குத் தெரிந்தபோது வேலைக்கே போய்விட்டேன். மகனுக்கு அந்த வழியும் கிடையாது, பொதுவாக 18ஓடு சரி. அதனால் சமரசம் பேசி எழுதுவதாக இருந்தால் கல்லூரிச் செலவைத் தனியாக ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

அதுவரை இன்னும் 12 வருடம் இருக்கிறது. இன்றைக்குப் போடும் தொகை நாலு வருடம் கழித்துக் காணாது. உயர்த்திக் கேட்க பி.என்.எஸ்.எஸ். 146ஆவது பிரிவு இருக்கிறது, நிலைமை மாறியதைக் காட்டி எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். உச்சவரம்பு போன பிறகு 2003இல் அம்மா ஒரு தடவை போனாள், எனக்கு 1,000 ஆயிற்று. அதற்கப்புறம் போகவில்லை. லீவு கேட்க அச்சகத்தில் கூச்சமாக இருந்ததாம்.