அன்பாக வளர்க்கும் வீட்டுக் கோழியின் முட்டையைச் சாப்பிடுவது தவறா?

உங்கள் கேள்வி இது. கடை முட்டையை விட்டுவிட்டீர்கள், சைவமாக இருக்கப் பார்க்கிறீர்கள். ஆனால் ஊரில் மாமியார் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுக் கோழிகள் கூண்டு இல்லாமல் திரிகின்றன, நல்ல தீனி, யாரும் அடிப்பதில்லை, அறுப்பதில்லை. அந்த முட்டையைச் சாப்பிட்டால் கோழிக்கு என்ன நஷ்டம்?

"அறுப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த ஏழெட்டில் சேவல் எத்தனை? ஒன்று இருக்கலாம், மிஞ்சிப் போனால் இரண்டு. பொரிக்கிற குஞ்சில் பாதி ஆண். மற்ற சேவல்கள் எல்லாம் எங்கே போயின என்று மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இருக்கிறேன். பிறந்தது பால்மரத் (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இப்போது தாமான் எனப்படும் குடியிருப்பில் வீடு, பின்னால் ஒரு துண்டு மண், அதைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை). கோழி இல்லாமல் நாங்கள் இருந்ததே இல்லை. நான் சைவமும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுவில் வந்து கேட்க வேண்டாம். எங்கள் வீட்டில் சேவல் குஞ்சு வளர்ந்து, கூவ ஆரம்பித்து, ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளத் தொடங்கினால் ஒன்று சட்டிக்குப் போகும், இல்லையென்றால் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு யாராவது நேர்ந்துகொண்டு வந்து வாங்கிப் போவார்கள். தாமானில் நான்கு சேவலை வைத்துக்கொண்டு விடியற்காலையில் அக்கம்பக்கத்தாரிடம் நல்ல பெயர் வாங்க யாராலும் முடியாது. அதனால் என் அனுபவத்தில் ஒரு விஷயம் நிச்சயம்: ஒரு சைவக்காரர் நிம்மதியாகக் கம்பத்துக் கோழி (நாட்டுக் கோழி) முட்டை சாப்பிட வேண்டுமானால், பக்கத்திலேயே சேவலைச் சாப்பிடுகிற ஓர் அசைவக்காரர் இருந்தாக வேண்டும். அவர் சாப்பிடுவதால்தான் உங்கள் முட்டை சுத்தமாகத் தெரிகிறது.

கடை முட்டையில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முட்டைக்கென்றே உருவாக்கிய இனத்தில் ஆண் குஞ்சு கறிக்கும் ஆகாது, முட்டையும் இடாது, அதனால் பொரிப்பகத்திலேயே முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 700 கோடி என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடை செய்துவிட்டு, முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கிற முறைக்குப் போனார்கள். கடை முட்டையை நீங்கள் விட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு கொல்லைக்குள்ளும் நுழையும். 2022 கடைசியில் இங்கே முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல்லிலிருந்து கூட முட்டை இறக்கினார்களே, அந்தச் சமயத்தில் எங்கள் வரிசையில் பல வீடுகளில் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. பாதிப் பேர் வாங்கியது பண்ணை இனத்துப் பழுப்புக் கோழிதான், சீக்கிரம் முட்டை வருமே என்று. அந்தக் கோழியை நீங்கள் எவ்வளவு செல்லமாக வளர்த்தாலும் அதனோடு பொரித்த ஆண் குஞ்சுகளின் கதை முன்னாலேயே முடிந்துபோனது.

சரி, நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். "எப்படியும் போடப்போகிற முட்டை, எடுத்தால் என்ன" என்று பலரும் சொல்வார்கள். கம்பத்துக் கோழி விஷயத்தில் அது சரியில்லை. நாம் எடுப்பதால்தான் அது மேலும் மேலும் இடுகிறது. விட்டுவைத்தால் பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் அடை உட்கார்ந்துவிடும். இருபத்தொரு நாள் அடை, அப்புறம் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் மேய்ச்சல், அதுவரை முட்டை கிடையாது. "ஒண்ணை விட்டுட்டு மிச்சத்தை எடு" என்று என் அம்மா சொல்வது இதைத் தெரிந்துகொண்டுதான். ஒரு முட்டை கிடந்தால் கோழி இடத்தை மாற்றாது, கூடும் நிறையாது. ஒரு வகையில் ஏமாற்று வேலை, ஆனால் லயத்தில் இருந்த எல்லாப் பெண்களும் செய்தது.

ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து போகிறது. ஓடு பெரும்பாலும் இராத்திரியில்தான் கெட்டியாகிறது, அந்த நேரத்தில் தீனிப்பையில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. செம்பனை ஓரத்தில் காட்டுக்கோழி வரும், பார்த்திருப்பீர்கள், நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை அதுதான். அது வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைக்கு மேல் இடுவதில்லை. பண்ணை இனமோ 300 வரை போகிறது. அதனால் அந்தக் கோழிகளுக்கு நெஞ்செலும்பு முறிவது, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்வது, சூலகத்தில் கட்டி வருவது எல்லாம் சாதாரணம். மனிதப் பெண்களுக்கு வரும் சூலகப் புற்றுநோயைப் பற்றி ஆராயவே முட்டைக் கோழியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லையில் பாசத்தோடு வளர்ப்பதால் இது மாறாது, உடம்புக்குள் இருக்கிற வேகம் அப்படியே இருக்கும். கம்பத்துக் கோழிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு, அது நின்று நிதானமாக இடுகிற ஜாதி.

இன்னொரு விஷயம், இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. குளிர் நாடுகளில் பகல் குறைந்தால் கோழி முட்டை இடுவதைக் குறைத்துக்கொள்ளும், சில நின்றேவிடும். இங்கே வருஷம் பூராவும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், டிசம்பரும் ஜூனும் ஒன்றுதான். ஆகவே நம் ஊர்க் கோழிக்குக் கிடைக்கிற விடுப்பு இரண்டே இரண்டு, இறகு உதிர்க்கிற காலம், அடை உட்காருகிற காலம். அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்கில் இறகைச் செருகி விடுவதும் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. அடை கலைந்து சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரட்டும் என்றுதான். முட்டை எடுப்பதைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. என் வீட்டில் அடை உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று விட்டுவிடுவேன், நாளுக்கு ஒரு தடவை தூக்கி வெளியே விட்டுத் தண்ணீர், தீனி காட்டினால் போதும். முட்டை குறையும். குறையட்டும், கடையில் முட்டை இருக்கிறது, கூடவே விலையும் இருக்கிறது என்கிறீர்களா, சரிதான், 2025 ஆகஸ்டோடு முட்டைக்குக் கொடுத்த அரசாங்க உதவித்தொகையும் போய்விட்டது.

என் அண்ணன் மகள் கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்து பாலையும் தொடுவதில்லை. போன முறை வந்தபோது, "அத்தை, நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க, ஆனா முட்டை போடலன்னா இவ்வளவு பாசம் இருக்குமா?" என்று கேட்டாள். இதற்கு எனக்கு உடனே பதில் வந்தது, ஏனென்றால் இதை நாங்கள் மனிதர்களிடமே பார்த்தவர்கள். அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. முதுகு போய், கண் மங்கி, வேலையை விட்டு நின்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சேமநிதியில் இருந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அங்கே அதுவரை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சிரித்துப் பேசுவார், தீபாவளிக்கு ஆட்டுக்கறி கூட வரும். ஆனால் நல்லபடியாக நடத்தினார்களா என்பதற்குப் பதில், வேலை நின்ற பிறகு நடந்ததில்தான் இருக்கிறது. நான் கோழியையும் அப்படித்தான் பார்க்கிறேன். இரண்டு வருஷம் நன்றாக இடும், அப்புறம் குறையும், பிறகு நின்றுபோகும், ஆனால் முசாங்கோ (மரநாய்) பியாவாக்கோ (உடும்பு) பிடிக்காமல் இருந்தால் ஆறு ஏழு வருஷம் கூட உயிரோடு இருக்கும். அந்த மிச்ச வருஷங்களில் அதற்குத் தீனியும் கூடும் உண்டா? உண்டு என்றால் முட்டையைச் சாப்பிடுவதில் தப்பில்லை என்பேன். எங்கள் வீட்டுக் கிழட்டுப் பெட்டைகள் இடாமலேயே தின்றுகொண்டு நடமாடுகின்றன. சேவலை அறுக்கிற வீட்டில் பெட்டைக்கு மட்டும் இந்தச் சலுகை என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் மகளும் அதையே கேட்டாள். நியாயம் இல்லைதான். முட்டையை வாங்கிக்கொண்டேன், அதனால் கடன் இருக்கிறது என்பது என் கணக்கு, சேவலிடம் நான் எதுவும் வாங்கவில்லை. அவள் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் சொல்கிற இன்னொன்று, முட்டையை எடுக்கவே கூடாது, வேக வைத்து மசித்துக் கோழிக்கே திருப்பிப் போடுங்கள், இழந்த சத்து திரும்பும் என்பது. சத்து திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கெராங் எனும் கடல் சிப்பியின் ஓடே போதும், மீன் சந்தையிலும் கோய்தியாவ் நூடுல்ஸ் கடையிலும் மூட்டை மூட்டையாகத் தூக்கி எறிகிறார்கள், கழுவி, காயவைத்து, வறுத்து இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியதைக் கோழியே தின்றுகொள்ளும். கோழி நமக்குச் சொந்தமான பொருள் இல்லை, அதனிடமிருந்து எதையுமே எடுக்கக்கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது ஒரு நிலைப்பாடு, அவர்கள் அதன்படியே வாழ்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது, கடையில் முட்டை வாங்குகிறவனைப் பாவி என்று சொல்லிவிட்டுத் தன் கொல்லைச் சேவலை இரவோடு இரவாக வேறொரு ஆளிடம் தள்ளிவிடுகிற சைவம்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். மாமியார் வீட்டுக் கோழிகளை அப்படியே விடுங்கள், அது அவர்கள் கணக்கு. நீங்களே வளர்ப்பதானால் இங்கே ஆயாம் பென்சென் என்று விற்கிறார்களே, பண்ணையில் ஒன்றரை வயதுக்கு மேல் ஆகி முட்டை குறைந்ததும் மலிவாகத் தள்ளிவிடுகிற கோழிகள், அதில் இரண்டு மூன்றை வாங்குங்கள். நீங்கள் வாங்காவிட்டால் அன்றைக்கே சட்டிக்குப் போகும். அதனோடு பிறந்த ஆண் குஞ்சுகள் செத்தது செத்ததுதான், ஆனால் உங்களுக்காகப் புதிதாக எதையும் பொரிக்கவில்லை. சேவலை வாங்காதீர்கள், சேவல் இல்லாவிட்டால் குஞ்சு இல்லை, குஞ்சு இல்லாவிட்டால் அறுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, முட்டையிலும் கரு இருக்காது. வரும்போது பாதிக்கு இறகே இருக்காது, நடக்கக் கூடத் தெரியாது, மண்ணைக் கிளறுவதற்கே சில நாள் ஆகும். ஓடு மெல்லியதாக இருக்கும், தினமும் முட்டை வராது, சிலது வயிறு வீங்கிச் சீக்கிரம் செத்தும் போகும். சின்ன ஊரில் கோழிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே கோழி இருக்கிற வீடாக இருந்தால் புதுசை இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வையுங்கள், வெள்ளைக்கழிச்சல் எனும் தொற்றுநோய் வந்தால் ஒன்றும் மிஞ்சாது.

இத்தனைக்கும் பிறகு காலையில் ஒரு முட்டை கிடந்தால் எடுத்து வறுத்துச் சாப்பிடுங்கள். புரட்டாசியில் மட்டும் எங்கள் வீட்டில் தொட மாட்டோம், அந்த மாதம் சேருகிற முட்டை எல்லாம் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்குப் போகும், பதிலுக்கு அவர் தோட்டத்துக் கங்கோங் கீரை வரும்.