அண்ணனைப் பார்க்கப் போவதில் பாவமில்லை

சகோதரி, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கும் உங்கள் அண்ணன் விசுவாசி இல்லை என்பதால் அவர் வீட்டுக்கு அடிக்கடி போகாதீர்கள் என்று சபையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. தாராளமாகப் போங்கள்.

அவர்கள் காட்டும் வசனம் 2 கொரிந்தியர் 6:14. அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்பதற்கு, நோயாளியைக் கைவிடுங்கள் என்று எங்கே பொருள்? அதை எழுதிய அதே பவுல், 1 கொரிந்தியர் 5:10இல், உலகத்தாரை விட்டு விலகுவதானால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் இருந்த மல்குஸின் வெட்டுண்ட காதை இயேசு தொட்டுக் குணமாக்கினார். உனக்கு விசுவாசம் உண்டா என்று அவனிடம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் எழுந்துபோக முடியாமல் படுத்திருப்பவரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். தலையணைக்கடியில் சுவிசேஷக் கைப்பிரதி வைப்பதும் வேண்டாம். அது அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது. ஜெபிக்க வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் வந்து ஜெபியுங்கள். அவர் கடைசிவரை மனம் மாறாவிட்டாலும் உங்கள் அன்பு குறையக் கூடாது.

அண்ணியைக் கொஞ்சம் தூங்கச் சொல்லிவிட்டு ஒரு நாள் நீங்களே அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். இந்த நோயில் கவனித்துக்கொள்பவர்தான் முதலில் ஓய்ந்துபோகிறார். பார்க்கப் போகும்போது இளநீர், வாழைப்பழம் வேண்டாம், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். என்ன சாப்பிடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அதன்படி சமைத்து எடுத்துப்போங்கள்.