காட்டு அல்லியை இனம் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: அல்லிப் பேரினமான நிம்ஃபேயாவில், நீலப் பூ என்றால் நிம்ஃபேயா நௌச்சாலி, வெள்ளை என்றால் நிம்ஃபேயா பியூபெசென்ஸ். இது போதாதா?

பதில்: போதாது. நௌச்சாலியே வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். நிறத்தை விட்டுவிட்டு இலையைத் திருப்புங்கள். அடிப்புறம் மயிர் அடர்ந்து, விளிம்பில் கூரான பற்கள் இருந்தால் பியூபெசென்ஸ் பக்கம். அடிப்புறம் வழவழப்பாக, விளிம்பு நேராகவோ மழுங்கிய அலைகளாகவோ இருந்தால் நௌச்சாலி பக்கம். மிதக்கும் முதிர்ந்த இலையையே எடுக்க வேண்டும். நீருக்குள் இருக்கும் இளம் இலையை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள்.

அடுத்து மகரந்தப்பை. நௌச்சாலியில் மகரந்தத்தாளின் நுனி பைக்கு மேலே நாக்குபோல் நீண்டிருக்கும், பியூபெசென்ஸில் அப்படி இராது. இன்னும் ஐயம் என்றால் சூலகத்தை (பூவில் விதை உருவாகும் பகுதி) குறுக்கே வெட்டி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நௌச்சாலியில் அடுத்தடுத்த சூலக அறைகளின் பக்கச் சுவர்கள் ஒட்டாமல் இடைவெளி தெரியும். பியூபெசென்ஸில் ஒன்றாக இணைந்திருக்கும். பூ வாடினாலும் இந்த அடையாளம் நிற்கும் என்பதால் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

கேள்வி: காலை 8 மணிக்கு விரிந்திருந்தது. பகலில் பூப்பதுதானே?

பதில்: அந்த நேரம் எதையும் சொல்லாது. இரவில் பூப்பவை முற்பகல் வரை மூடாமல் இருக்கும். பகல் 1 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை பாருங்கள். மேகமூட்டமான நாளைத் தவிருங்கள்.

கேள்வி: செக்கச்சிவந்த பூ, இரவில் விரிகிறது?

பதில்: நிம்ஃபேயா ரூப்ரா. அதைத் தனி இனம் என்போரும் உண்டு, பியூபெசென்ஸில் அடக்குவோரும் உண்டு. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: அல்லி இலைதான், ஆனால் பூ சிறியது, வெள்ளை, இதழெல்லாம் மயிர்?

பதில்: அது அல்லிக் குடும்பமே அல்ல. நிம்ஃபாய்டிஸ் இண்டிகாவாக இருக்கலாம்.

கேள்வி: இலையும் காம்பும் சேரும் இடத்தில் குட்டிச் செடி முளைத்திருக்கிறது.

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்ஃபேயா மைக்ராந்தாவின் குணம் அது, அதன் வழிவந்த தோட்டக் கலப்பினங்களிலும் வரும். வேறெங்காவது குளத்தில் கண்டால் முதலில் தோட்டத்திலிருந்து தப்பியதா என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: உலர்மாதிரி (தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைக்கும் செடி) கறுத்து அழுகிவிடுகிறது. ஏன்?

பதில்: காம்பில் நீர் அதிகம். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றுங்கள். பறித்த பூ மூடிக்கொள்ளும் முன் கரையிலேயே நெடுக்காக இரண்டாகப் பிளந்து அழுத்துங்கள். ஓர் இலையை மேற்புறமும் இன்னொன்றை அடிப்புறமும் தெரியும்படி வையுங்கள். காய்ந்தபின் நிறம் மாறிவிடும். பூவின் நிறத்தையும் விரிந்த நேரத்தையும் அங்கேயே எழுதுங்கள்.