அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தால் எவ்வளவு ஆட்டும்?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி: மகள் லண்டனில், மகன் நியூஜெர்சியில். மகள் வீட்டில் இருந்துவிட்டு அக்டோபர் கடைசியில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலிலேயே போகலாம் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஏழு ராத்திரி. அவருக்கு 68, எனக்கு 63. கொடைக்கானல் பஸ்ஸில் மலை ஏற ஆரம்பித்தாலே எனக்குத் தலை சுற்றும். கடல் எப்படி இருக்கும்? பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

பதில்: ஆட்டும் அம்மா. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை, உங்கள் கணவர் விளம்பரப் படத்தில் பார்த்த மாதிரியும் இல்லை.

அக்டோபர் கடைசி என்பது வட அட்லாண்டிக் கோடைச் சாதுத்தனத்தை விட்டுவிட்டுக் குளிர்காலக் குணத்துக்கு மாறுகிற நேரம். கனடாக் கரையோரம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐஸ்லாந்துப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். அவற்றின் தெற்கு ஓரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் உங்கள் கப்பல் போகிறது. 3 மீட்டர் அலை அங்கே அன்றாடச் சமாசாரம். ஒரு நாளாவது 5, 6 மீட்டர் வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், வராவிட்டால் லாபம். இன்னொன்று, முன்னறிவிப்பில் 4 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 4 மீட்டர் என்று அர்த்தமில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. நடுவில் ஒன்றிரண்டு அதைப்போல் இரட்டிப்பு உயரத்தில் வரலாம், அதற்கும் சேர்த்துத்தான் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் அலையின் உயரத்தையே கேட்கிறார்கள். சரக்குக் கப்பல்களில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், உயரத்தைவிட முக்கியம் இரண்டு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி, அது கப்பலின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அந்தத் தடத்தில் அட்டவணை போட்டு ஓடுவது குயின் மேரி 2. 2004 இல் ஓட ஆரம்பித்தது, நீளம் 345 மீட்டர், தண்ணீருக்குக் கீழே மட்டும் 10 மீட்டர் இறங்கியிருக்கும். 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைகள் ஆழ்கடலில் ஒன்றுக்கொன்று சுமார் 156 மீட்டர் தள்ளி இருக்கும், அப்போது கப்பல் இரண்டு மூன்று முகடுகள் மேல் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டு போகும், உங்களுக்கு ஏதோ ரயில் போகிற மாதிரி ஓர் அதிர்வுதான். அதுவே 15 விநாடி என்றால் இடைவெளி 350 மீட்டருக்கு மேல். அதாவது கப்பலின் நீளமும் அலையின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. அப்போது மூக்கு மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கும். லிஃப்டில் இறங்கும்போது வயிறு மட்டும் மாடியில் நின்றுவிடுமே, அதே உணர்ச்சி, விட்டு விட்டு, ராத்திரி முழுக்க.

இப்படி நீள இடைவெளி விட்டு வரும் அலைக்கு அங்கே காற்று வீச வேண்டும் என்றுகூட இல்லை. நம் கன்னியாகுமரி, கேரளக் கரையில் கள்ளக்கடல் என்கிறார்களே, வானம் தெளிவாக இருக்க, காற்றும் சும்மா இருக்க, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயலின் அலை கரையேறி வருவது, அதன் நடுக்கடல் அவதாரம்தான் இது. வெயிலடிக்கும் அழகான காலை நேரத்தில் கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டால் குழம்பாதீர்கள்.

அடுத்தது திசை. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. நீங்கள் போவதும் மேற்கு நோக்கி. அதனால் அலையை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு போவீர்கள், முன்னும் பின்னும் ஆடும். பக்கவாட்டில் உருளுவதைக் குறைக்க கப்பலின் வயிற்றில் மீன் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர்கள் உண்டு, நன்றாகவே வேலை செய்யும். முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, கேபின் எடுக்கும்போது காசைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவனுக்கு என்ன ஆட்டம்? முன்கோடியில், மேல்தளத்தில், பால்கனியோடு இருக்கும் அறைக்குத்தான் அதிக ஆட்டம். சமயங்களில் விலையும் அதிகம்.

அதே வாசகி: வாந்தி மாத்திரை போடலாமா? இஞ்சி போதுமா?

பதில்: நம் ஊர் மருந்துக்கடையில் பஸ் பயணத்துக்குத் தரும் அவோமின் இங்கேயும் அதே வேலையைச் செய்யும். ஆனால் வாந்தி வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, மாத்திரையே வெளியே வந்துவிடும். முந்தைய ராத்திரியே போட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். வயதானவர்களுக்குத் தடுமாற்றமும் வரலாம், ஆடுகிற தரையில் அது நல்லதல்ல. உங்கள் கணவருக்கு பிராஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்த நோயோ இருந்தால் இந்த வகை மாத்திரை ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், மற்ற மாத்திரைகளின் சீட்டையும் காட்டுங்கள்.

இஞ்சி சிலருக்குக் கேட்கிறது. இஞ்சி முரப்பா ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் ருசி. வெறும் வயிற்றில் இருக்காதீர்கள், இதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கொஞ்சம் கொஞ்சமாக பிஸ்கட், ஆப்பிள், தயிர் சாதம் கிடைத்தால் தயிர் சாதம். அறைக்குள் உட்கார்ந்து போன் பார்ப்பதுதான் மோசம்: காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, கண் ‘இல்லையே’ என்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது வயிறு. வெளியே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள், முடியவில்லையா, மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை கடல் ஒவ்வாமை இருந்தது. நானும் முதல் பயணத்தில் மூன்று நாள் பக்கெட்டும் கையுமாகத்தான் முறைக்காவல் வேலை பார்த்தேன். எங்கள் சமையல்காரர் மட்டும் அசையாமல் நின்று சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பைச் சுற்றிக் கம்பி, பாத்திரம் வழுக்காமல் ஈரத்துணி, இரண்டுதான் அவர் ரகசியம். அந்த வாசனைதான் எனக்கு எமன்!

கோவையிலிருந்து ஒரு வாசகர்: கடல் மோசமாகப் போகிறது என்பது பயணிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

பதில்: கேப்டன் மத்தியானம் ஒலிபெருக்கியில் காற்று, அலை, இருக்கும் இடம் எல்லாம் சொல்வார். அவர்கள் பேசுவது காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோல், 0 முதல் 12 வரை, 1805 இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்தது. 6 என்றால் நடப்பது ஒரு மாதிரி இருக்கும், 8 என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் காற்று, கைப்பிடியை விடாதீர்கள். 10 என்றால் சட்டப்படியான புயல். ஆனால் அவர் சொல்லுகிற தொனி எப்போதும் தேன் தடவியதுதான், ‘கொஞ்சம் அசைவு இருக்கலாம்’ என்பார். நீங்கள் ஊழியர்களைப் பாருங்கள். மாடிப்படிக் கைப்பிடியில் காகிதப் பைகளைச் செருகி வைக்கிறார்களா, நீச்சல்குளத்தில் தண்ணீரை இறக்குகிறார்களா, வெளித்தளக் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டுகிறார்களா? சரி, மாத்திரை போடும் நேரம்.

வெளித்தளத்தை மூடுவதற்குக் கணக்கு உண்டு. கப்பல் 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் மேற்கே போகிறது, எதிரே 30 நாட் காற்று என்றால் தளத்தில் நிற்பவர் முகத்தில் அடிப்பது 50 நாட், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். அதே காற்றில் கிழக்கே போனால் வெறும் 10 நாட், மூக்குக்கண்ணாடி பறக்காது. அதனால்தான் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு வருகிற பயணம் பொதுவாகக் கொஞ்சம் சுலபம். மேற்கே போகிறவருக்கு ஒரு பரிசு உண்டு, அடிக்கடி கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், 25 மணி நேர நாட்கள். தூங்கலாம். கிழக்கே வருகிறவர் அந்த ஐந்து மணியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: சூறாவளி? ராட்சத அலை? நடுக்கடலில் சுனாமி வந்தால்?

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். கப்பல் நாள்கணக்கில் முன்பே பார்த்துப் பாதையை மாற்றிக்கொள்ளும், பயணம் நீளலாம், வேகம் குறையலாம். ராட்சத அலை கட்டுக்கதை இல்லை. 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் ட்ராப்னர் எண்ணெய் மேடையில் 25.6 மீட்டர் அலையைக் கருவியே அளந்தது. அதே வருஷம் செப்டம்பரில் லூயிஸ் சூறாவளி கிளப்பிய கடலில் குயின் எலிசபெத் 2 கப்பல் ஏறக்குறைய 29 மீட்டர் அலையை நேருக்கு நேர் சந்தித்தது, கேப்டன் நிற்கும் பிரிட்ஜின் உயரத்துக்கு. கப்பல் பத்திரமாக நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஆனால் இது அபூர்வம், இதற்காக டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள்.

சுனாமிக்கு நடுக்கடல்தான் பத்திரம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தை அழித்த அதே அலை, இந்தியப் பெருங்கடல் நடுவில் செயற்கைக்கோள் அளந்தபோது சுமார் 60 சென்டிமீட்டர்தான். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. அப்போது அங்கே கப்பலில் இருந்தவர்கள் காபியைக் கீழே வைத்திருக்கக்கூட மாட்டார்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: இவ்வளவு ஆடாமல் அட்லாண்டிக்கைத் தாண்ட வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, தெற்கு வழி. இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலில் சீசன் முடிந்ததும் உல்லாசக் கப்பல்கள் பார்சிலோனா போன்ற துறைமுகங்களிலிருந்து கரீபியனுக்கு இடம் மாறும், சுமார் இரண்டு வாரம். ஜிப்ரால்டர் தாண்டி, கேனரித் தீவுகளைத் தொட்டு, அப்புறம் கிழக்கிலிருந்து சீராக வீசும் வாணிபக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே. கொலம்பஸ் 1492 இல் பிடித்த அதே காற்று. அலை 2, 3 மீட்டர் இருக்கும்தான், ஆனால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், தொட்டில் மாதிரி. வெயில், நீலத் தண்ணீர், பறக்கும் மீன். கேனரித் தீவுகளுக்குப் பிறகு ஐந்தாறு நாள் கரையே தெரியாது, அதைத் தாங்குகிற மனசு வேண்டும். ஸ்ரீரங்கத்து அம்மா, உங்கள் கணவரிடம் இதையும் காட்டிப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: கரை இறங்கினதும் சரியாகிவிடுமா?

பதில்: இல்லை சார், அப்போதுதான் தரை ஆடும். குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும், நடைபாதை மெத்தை மாதிரி இருக்கும். ஆட்டத்துக்குப் பழகிவிட்ட மூளை உடனே விடாது. ஒரு நாள், இரண்டு நாளில் போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், முக்கியமாகக் கப்பலில் போய்வந்த விஷயத்தை அவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.