சாயத்தைத் தின்னும் பாக்டீரியாவைப் படித்தால் வேலை கிடைக்குமா?

திருப்பூரிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். டையிங்கில் இருபது வருடமாக சூப்பர்வைசர். பிளஸ் டூ முடித்த மகள் மைக்ரோபயாலஜிதான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார்கள். "சாயக்கழிவைச் சுத்தம் பண்ற பாக்டீரியாவாம். அதைப் படிச்சு என்னங்க பண்ணும் பாப்பா?" என்று கேட்கிறார்.

ஐயா, வணக்கம். நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். எம்.எஸ்சி., அதற்கு மேலே ஆராய்ச்சி என்று ஏழெட்டு வருடம் பொறுக்க வீட்டில் மனசு இருந்தால், தாராளமாகச் சேருங்கள்.

பாப்பா கேட்பது சின்ன விஷயம் இல்லை. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. நொய்யல் ஆற்றில் ஓடிய அந்தச் சாயத் தண்ணீருக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் அவள் படிக்க ஆசைப்படுகிறாள்.

நீங்கள் தினமும் பார்க்கும் சாயங்களில் நிறைய அசோ சாயங்கள். பென்சீன் வளையங்களை இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கோத்துப் பிடித்திருக்கும். நிறம் வருவதே அந்த இணைப்பால்தான். காற்றில்லாத தொட்டியில் சில பாக்டீரியாக்களின் அசோரிடக்டேஸ் என்ற நொதி அதை அறுத்துவிடும், தண்ணீரும் தெளிந்துவிடும். பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் அறுபட்ட துண்டுகள் அரோமேட்டிக் அமீன்களாக, அதாவது நைட்ரஜன் ஒட்டிய வளையங்களாக, உள்ளேயே இருக்கின்றன. சில பழைய சாயங்களிலிருந்து இப்படி வெளிவரும் பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. நிறம் போனதால் நஞ்சும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம்தான் காற்று வேண்டும். காற்று ஊதும் தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள், வேறு நொதிகள். அவற்றில் முக்கியமானவை டைஆக்சிஜனேஸ்கள். ஒரு டைஆக்சிஜனேஸ் ஆக்சிஜனின் இரண்டு அணுக்களையும் வளையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அடுத்த படியில் அது கேட்டகால் மாதிரி ஒரு பொருளாகும். பிறகு இன்னொரு டைஆக்சிஜனேஸ் வளையத்தையே வெட்டித் திறந்துவிடும். திறந்த பிறகு மிஞ்சுவது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இப்படி நொதிகள் ஆக்சிஜனை நேராகவே சேர்க்கின்றன என்று 1955-இல் காட்டியவர்களில் ஒருவர் ஜப்பானின் ஒசாமு ஹயாய்ஷி. எல்லா அமீனும் இதற்கு மசியாது. சல்போனேட் என்ற கந்தகத் தொகுதி சேர்ந்தவை ரொம்பவே அடம்பிடிக்கும். ஆராய்ச்சிக்கு இன்னும் வேலை இருப்பது அங்கேதான்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டில் வெளிறிய புள்ளிகளாக வளர்ந்திருக்கும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மேல் கேட்டகால் கரைசலைத் தெளித்தால், வளையத்தை வெட்டும் ஒருவகை நொதி எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அது மட்டும் பளிச்சென்று மஞ்சளாகும். வளையம் உடைந்ததன் நிறம் அது. முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்குக் காரணம், இந்தத் துறையில் பாதி கெமிஸ்ட்ரி. பயாலஜி பிடிக்கும் என்று மைக்ரோபயாலஜி எடுத்துவிட்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைக் கண்டு ஓடுகிறவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறுகிறார்கள். பாப்பாவின் மொத்த மார்க்கை விடுங்கள். பிளஸ் டூ புத்தகத்தில் அமீன்கள் வரும் பாடத்தை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆர்வத்தோடு விளக்கினால் பயப்பட வேண்டாம்.

கல்லூரி விஷயத்தில் பெயருக்கு மயங்காதீர்கள். பெரிய கட்டணம் வாங்கும் பயோடெக்னாலஜி படிப்பைவிட, அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியோ பயோகெமிஸ்ட்ரியோ போதும் என்பது என் எண்ணம். சேரும் முன் லேபைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டைத் தன் கையால் ஊற்றுகிறதா, இல்லை ஒருவர் ஊற்ற மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மூன்றாம் வருடத்திலேயே எம்.எஸ்சி.க்கான ஐஐடி ஜாம், கேட்-பி நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராக வேண்டும். அதற்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். சென்னையில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை, ஐஐடி என்று இடங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சி வேண்டாம் என்றால் எம்.எஸ்சி.யோடு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாடு, சுத்திகரிப்பு நிலைய லேப், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வு ஆகியவை உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது. இதை மகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் யூனிட்டின் தண்ணீர் போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கி அவளைக் கூட்டிப்போங்கள். காற்று ஊதும் தொட்டியில் பழுப்பாகச் சேறு புரளும். அந்தச் சேற்றில்தான் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு அவள் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறாள், ஆபரேட்டரிடம் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.